என் பெயரில் வேறு யாரோ ஒருவர் மேல் தீர்ப்பு: கவுண்டி கோர்ட் வழக்குக் கட்டை எங்கே போய்க் கேட்பது?

பிரிஸ்கோவாசி | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கறவங்க, கோர்ட் விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் கைகொடுங்க.

பிரிஸ்கோவுல வீடு வாங்குறோம். குளோசிங்குக்கு, அதாவது வீடு எங்க பேருக்கு மாறற நாளுக்கு, இன்னும் 17 நாள். இன்னிக்கு மத்தியானம் டைட்டில் கம்பெனியில (சொத்துல வில்லங்கம் இருக்கான்னு பாக்கறவங்க) இருந்து போன் வந்துச்சு. காலின் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பதிவுல என் பேருக்கு எதிரா ஒரு "அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட்" (தீர்ப்புச் சுருக்கம்) இருக்காம். 2018 தீர்ப்பு. கிரெடிட் கார்டு பாக்கி 6,400 டாலர் சொச்சம், வட்டி தனி. "இது நீங்க இல்லைன்னு காட்டுங்க, இல்லைன்னா கட்டி முடிங்க"ன்னு சொல்லிட்டாங்க.

நான் அமெரிக்கா வந்ததே 2015-ல. 2021 வரைக்கும் நியூ ஜெர்சி எடிசன்ல இருந்தேன். அந்த பேங்க் கார்டு என்கிட்ட இருந்ததே இல்லை. என் முதல் பேரு ஊர்ல தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அப்பா பேரு குமார், அதுதான் பாஸ்போர்ட்ல கடைசிப் பேரு. ஆக இந்தப் பேர்ல டாலஸ் சுத்துவட்டாரத்துல மட்டும் எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

கிரெடிட் ரிப்போர்ட் மூணையும் எடுத்துப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. அப்புறம் இது எங்கிருந்து முளைச்சுது? காலின் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க் தளத்துல தேடினேன், அப்படி ஒரு கேஸே இல்லை. ராத்திரி தூக்கம் வரலை. எங்க ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க.

மெக்கின்னி மைந்தன் | திங்கள், இரவு 11:15

நண்பரே, பேரைப் போட்டா எல்லா மாநிலத்து கோர்ட் ரெக்கார்டும் காட்டுற தளங்கள் நிறைய இருக்கு. 30 டாலர் கட்டினா அஞ்சு நிமிஷத்துல ரிப்போர்ட் வரும். அதை டைட்டில் கம்பெனிக்கு அனுப்பிடுங்க.

கட்டுத்தேடி | செவ்வாய், காலை 6:20

மைந்தன் தம்பி, நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, ஆனா அந்த 30 டாலர் வீண். அந்தத் தளங்களும் பேரை வெச்சுத்தான் கோக்குது. இவர் பேரைப் போட்டா ஊர்ல உள்ள அத்தனை குமாரும் ஒரே ரிப்போர்ட்ல வந்து நிப்பாங்க. டைட்டில் கம்பெனிக்கு வேணும்கறது கோர்ட் கட்டுல இருக்கற காகிதம்.

பிரிஸ்கோ தம்பி, பதறாதீங்க. நான் டாலஸ்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல பாராலீகல், வக்கீலுக்கு உதவியாளர். 12 வருஷமா வேலையில பாதி, கவுண்டி கவுண்டியா கட்டு தேடறதுதான். சட்ட ஆலோசனை சொல்ற உரிமை எனக்குக் கிடையாது. காகிதம் எந்த ஜன்னல்ல கிடைக்கும்னு சொல்ல முடியும்.

முதல் கேள்வி: வீடு பிரிஸ்கோவில் காலின் கவுண்டிப் பக்கமா, டென்டன் கவுண்டிப் பக்கமா? பிரிஸ்கோ ரெண்டு கவுண்டியிலயும் கால் வெச்ச ஊர். டெக்சாஸ்ல இந்த அப்ஸ்ட்ராக்ட் எந்தக் கவுண்டியில பதிவாகியிருக்கோ அந்தக் கவுண்டி நிலத்தை மட்டும்தான் பிடிக்கும்.

ரெண்டாவது, அப்ஸ்ட்ராக்டோட படத்தை டைட்டில் கம்பெனிகிட்ட கேட்டு வாங்குங்க. கொடுக்க நேரமானா காலின் கவுண்டி கிளார்க்கோட நிலப் பதிவுத் தேடல்ல நீங்களே எடுத்துக்கலாம். நம்ம ஊர்ல வில்லங்கம் பாக்கறோமே, அந்த மாதிரிப் பதிவேடுதான் இது. கடன் கொடுத்தவர் வேற கோர்ட்ல ஜெயிச்சு, அந்தத் தீர்ப்போட சுருக்கத்தை இங்க கொண்டுவந்து பதிஞ்சிருக்கார். கேஸ் இங்க நடந்ததா இருக்கணும்னு அவசியமே இல்லை. அதனாலதான் உங்க தேடல்ல வரலை.

அந்தச் சுருக்கத்துல என்னென்ன இருக்கணும்னு டெக்சாஸ் சொத்துச் சட்டம் 52.003 சொல்லுது. வாதி, பிரதிவாதி பேர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தொகை, வட்டி. கிளார்க்குக்குத் தெரிஞ்சிருந்தா பிரதிவாதியோட பிறந்த தேதி, டிரைவிங் லைசென்ஸ் கடைசி 3 எண், சோஷியல் செக்யூரிட்டி கடைசி 3 எண். அப்புறம் பிரதிவாதி விலாசம். இதுல எது நிரம்பியிருக்கு, எது காலியா இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.

எடிசன் பெரியவர் | செவ்வாய், காலை 8:05

கிரெடிட் ரிப்போர்ட் சுத்தமாக இருப்பது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். 2017 ஜூலையிலிருந்து மூன்று கிரெடிட் நிறுவனங்களும் சிவில் தீர்ப்புகளை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. கோர்ட் பதிவுகளில் ஆளை உறுதி செய்யப் போதுமான விவரம் இல்லை என்பதே காரணம். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் அதே குறைதான். ரிப்போர்ட்டில் இல்லை என்பதால் தீர்ப்பு இல்லை என்று ஆகிவிடாது. கோர்ட்டிலும் நிலப் பதிவிலும் அது இருந்துகொண்டே இருக்கும்.

பிரிஸ்கோவாசி | செவ்வாய், மதியம் 1:30

கட்டுத்தேடி அக்கா, ரொம்ப நன்றி. வீடு காலின் பக்கம்தான். அப்ஸ்ட்ராக்ட் கைக்கு வந்துடுச்சு. ஒரே பக்கம்.

பிறந்த தேதி: காலி. லைசென்ஸ்: காலி. சோஷியல்: காலி. விலாசம்: இர்விங்ல ஒரு அபார்ட்மென்ட். கோர்ட்: டாலஸ் கவுண்டி, ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் (ஜேபி). கீழ ஜட்ஜ் கையெழுத்து, முத்திரை.

இர்விங்ல நான் ஒரு நாள்கூடத் தங்கினதில்லை. தகவல் அறியும் சட்டத்துல ஒரு மனு போட்டுடலாமா? இங்க பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட்னு ஒண்ணு இருக்குதாமே.

கட்டுத்தேடி | செவ்வாய், மாலை 7:10

அந்த மனுவைப் போடாதீங்க தம்பி. டெக்சாஸ் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட் நீதித்துறைக்குப் பொருந்தாது. மனு போய், "எங்களுக்குப் பொருந்தாது"ன்னு பதில் திரும்பி வர்றதுக்குள்ள உங்க 17 நாள்ல பாதி போயிடும். கோர்ட் கட்டைப் பொதுமக்கள் பாக்கறதுக்குத் தனி உரிமையே இருக்கு. 1978-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிக்சன் ஒலிநாடா வழக்குல அதை ஒத்துக்கிட்டிருக்கு. நீங்க செய்ய வேண்டியது, வழக்கு எண்ணைச் சொல்லி அந்த கோர்ட் கிளார்க்கிட்ட நகல் கேக்கறது. ஏன் கேக்கறீங்கன்னு காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இப்ப எந்த கிளார்க்? நம்ம ஆளுங்க அதிகமா தடுக்கி விழறது இங்கதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

டெக்சாஸ்ல 254 கவுண்டி. ஒவ்வொண்ணுலயும் சிவில் கேஸ் மூணு இடத்துல கிடக்கலாம். பெரிய தொகை வழக்கு, விவாகரத்து இதெல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிட்ட. உயில் விவகாரம், கவுண்டி கோர்ட் வழக்கு, அதோட நிலப் பதிவு, கல்யாண லைசென்ஸ் எல்லாம் கவுண்டி கிளார்க்கிட்ட. சின்னத் தொகை வழக்கும், வீட்டைக் காலி பண்ணச் சொல்ற வழக்கும் ஜேபி கோர்ட்ல. ஜேபி கோர்ட் தன் கட்டைத் தானே வெச்சுக்கும். இந்த மூணு பேரும் ஒரே கட்டடத்துல இருந்தாலும் ஒருத்தர் பதிவு அடுத்தவர் கம்ப்யூட்டர்ல தெரியும்னு நினைக்காதீங்க. (8,000 பேருக்குக் கீழ மக்கள்தொகை இருக்கற குட்டிக் கவுண்டிகள்ல டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கும் கவுண்டி கிளார்க்கும் ஒரே ஆளா இருப்பாங்க.)

உங்க தீர்ப்பு 2018. அப்ப ஜேபி கோர்ட் உச்சவரம்பு 10,000 டாலர். 2020 செப்டம்பர்ல இருந்துதான் 20,000. 6,400 டாலர் கேஸ் ஜேபிக்குப் போனது சரியாத்தான் இருக்கு.

டாலஸ் கவுண்டியில 5 பிரீசிங்க்ட் (கவுண்டியைப் பிரிச்ச பகுதி), ஒவ்வொண்ணுலயும் 2 ஜேபி கோர்ட், அதைப் பிளேஸ்னு சொல்வாங்க. அப்ஸ்ட்ராக்ட்ல எந்த பிரீசிங்க்ட், எந்த பிளேஸ்னு போட்டிருக்கும். அந்த ஒரே கோர்ட்டுக்குப் போன் பண்ணுங்க. மாநிலம் முழுக்கத் தேடற ரீசர்ச்-டிஎக்ஸ் தளம் ஒண்ணு இருக்கு, நல்ல தளம்தான். ஆனா அது மின்தாக்கல் ஆன கேஸ்களுக்கு. மின்தாக்கல் கட்டாயம்கறது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கும் கவுண்டி கோர்ட்டுக்கும்தான், ஜேபிக்கு இல்லை. அதனால இங்க நேர்ல போறதே மேல்.

போனா "கேஸ் ஃபைல் முழுசும் வேணும்"னு கேளுங்க. தீர்ப்பை மட்டும் கேட்டா ஒரு பக்கம் கொடுத்து அனுப்பிடுவாங்க, அதுல உங்களுக்கு உதவுற மாதிரி எதுவும் இருக்காது. நான் தேடச் சொல்றது மூணு தாள்.

முதல்ல பெட்டிஷன், நம்ம ஊர்ல பிராதும்பாங்களே அது. கடன் வழக்குன்னா 508.2 விதிப்படி அசல் பேங்க் பேர், கணக்கு எண்ணோட ஒரு பகுதி, கணக்கு ஆரம்பிச்ச தேதி எல்லாம் எழுதணும். அந்தத் தேதி நீங்க அமெரிக்கா வர்றதுக்கு முன்னாடியா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்து சம்மன் சார்வு பண்ணின ரிட்டர்ன், அதாவது சம்மனைக் கொடுத்ததுக்கான அறிக்கை. எந்த விலாசத்துல, எந்த நாள், எத்தனை மணிக்குக் கொடுத்தாங்கன்னு அதுல இருக்கும்.

மூணாவதுதான் ரொம்பப் பேர் கவனிக்காம விடறது. பிரதிவாதி வராம எக்ஸ்பார்ட்டியா தீர்ப்பு வாங்கணும்னா, அவர் ராணுவத்துல இல்லைன்னு வாதி பிரமாணம் போடணும், அது மத்திய சட்டம். அதுக்காகப் பாதுகாப்புத் துறைத் தளத்துல பேரைத் தட்டி ஒரு தாள் எடுத்து இணைப்பாங்க. அதுல வாதி கொடுத்த சோஷியல் எண்ணோட கடைசி 4 இலக்கம் அச்சாகியிருக்கும். அப்ஸ்ட்ராக்ட்ல காலியா விட்ட விவரம் பல தடவை எனக்கு இந்தத் தாள்லதான் கிடைச்சிருக்கு.

வளைகுடா_தம்பி | செவ்வாய், இரவு 9:45

பிரிஸ்கோ அண்ணே, உங்க இழையில நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். கிட்டத்தட்ட இதே மாதிரி தேடல்தான் எனக்கும்.

அக்காவுக்கு 2011-ல கலிபோர்னியாவுல விவாகரத்து ஆச்சு. இப்ப சென்னையில மறுமணம். பதிவு பண்ண கோர்ட் முத்திரையோட தீர்ப்பு நகல் கேக்கறாங்க. அக்காகிட்ட இருக்கறது பழைய ஜெராக்ஸ், அதுலயும் முதல் பக்கம் மேல்மூலை கிழிஞ்சு வழக்கு எண்ணே இல்லை. அவங்க அப்ப சன்னிவேல் ஆபீஸ்ல வேலை, அதனால சான்டா கிளாரா கவுண்டித் தளத்துல மாமா (அக்காவோட அப்போதைய கணவர்) குடும்பப் பேரைப் போட்டுத் தேடினேன், எதுவும் வரலை. ஸ்டேட் ஆபீஸ்ல கேட்டா கொடுப்பாங்களா?

கட்டுத்தேடி | செவ்வாய், இரவு 10:30

தம்பி, வேலை சன்னிவேல்ல சரி, குடியிருந்தது எங்க? பிரிஞ்சப்ப அக்கா எந்த ஊர்ல இருந்தாங்க? அப்புறம் அக்கா பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்கு?

கலிபோர்னியாவில் ஸ்டேட் ஆபீஸ்ல தீர்ப்பு கிடைக்காது. அங்க விவாகரத்துப் பதிவுச் சான்றுன்னு ஒண்ணு உண்டு, அதுவும் 1962-ல இருந்து 1984 ஜூன் வரைக்கும்தான். தீர்ப்பு எந்தக் கவுண்டி சுப்பீரியர் கோர்ட்ல ஆச்சோ அங்க மட்டும்தான் இருக்கும். டெக்சாஸ்லயும் அப்படித்தான், தலைநகர் ஆஸ்டினுக்கு எழுதினா "விவாகரத்து ஆகியிருக்கு"ன்னு ஒரு கடிதம் வரும், தீர்ப்பு வராது.

வளைகுடா_தம்பி | செவ்வாய், இரவு 11:05

கட்டுத்தேடி அக்கா, குடியிருந்தது ஃப்ரீமாண்ட். பாஸ்போர்ட்ல ஒரே பேர்தான், சர்நேம் கட்டம் காலி. விசாவுல முதல் பேர் இடத்துல எஃப்என்யூ-ன்னு (முதல் பேர் தெரியலைங்கறதோட இங்கிலீஷ் சுருக்கம்) போட்டு, அக்கா பேரைக் கடைசிப் பேரா மாத்திட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் பேரை மாத்திக்கலை.

கட்டுத்தேடி | புதன், காலை 6:15

அப்ப ரெண்டு இடத்துல தப்பு நடந்திருக்கு. ஃப்ரீமாண்ட் சான்டா கிளாரா கவுண்டி கிடையாது, அலமேடா கவுண்டி. பக்கத்துல இருக்கற மில்பிடாஸ்ல குடியிருந்திருந்தா சான்டா கிளாரா. ஆபீஸ் விலாசத்தை வெச்சுத் தேடினா கவுண்டி மாறிடும். அலமேடா தளத்துல தேடுங்க.

பேர்: கடைசிப் பேர் கட்டத்துல அக்காவோட சொந்தப் பேரைப் போடுங்க, முதல் பேர்ல எஃப்என்யூ. வரலைன்னா முதல் பேரைக் காலியா விடுங்க. அதுவும் வரலைன்னா பேரோட முதல் மூணு நாலு எழுத்தை மட்டும் போட்டு, தளம் ஏத்துக்கிட்டா நட்சத்திரக் குறி சேருங்க. கிளார்க் இங்கிலீஷ்ல எந்த எழுத்துல தட்டினாரோ அதுதான் அங்க பேர். ஒரு சுப்பிரமணியனை ஏழு விதமான ஸ்பெல்லிங்ல பாத்திருக்கேன், அதுல ரெண்டு ஒரே கட்டுக்குள்ளயே இருந்துச்சு. அப்பா பேரு முதல்லயும் சொந்தப் பேரு கடைசியிலயும், அப்புறம் மாத்தி ஒரு தடவை, இனிஷியல் மட்டும் வெச்சு ஒரு தடவைன்னு எல்லாத்தையும் போட்டுப் பாக்காம "கேஸ் இல்லை"ன்னு முடிவு கட்டாதீங்க.

கேஸ் தெரிஞ்சாலும் தீர்ப்பைத் தளத்துல திறந்து படிக்க முடியாது. அதைப் பாத்து பயந்துடாதீங்க. கலிபோர்னியா நீதிமன்ற விதி 2.503-படி குடும்ப வழக்குல நடவடிக்கைப் பட்டியல் மட்டும்தான் தூரத்துல இருந்து பாக்கலாம். தாளைப் பாக்கணும்னா கோர்ட்டுக்கு நேர்ல போகணும், இல்லைன்னா நகலுக்குத் தபால்ல எழுதணும். எண் கிடைச்சதும் இங்க எழுதுங்க, என்ன ஆர்டர் பண்ணணும்னு சொல்றேன்.

எடிசன் பெரியவர் | புதன், காலை 9:00

எங்கள் மாநிலத்துக்காரர்கள் படிப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு. நியூ ஜெர்சியில் 21 கவுண்டி இருந்தாலும் சிவில் வழக்குத் தேடல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. சிறு தொகைப் பிரிவான ஸ்பெஷல் சிவில் பார்ட்டில் கிடைத்த தீர்ப்பு தானாக நிலத்தைப் பிடிக்காது. டிரெண்டனில் உள்ள சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம் அதைப் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் மாநிலம் முழுக்கப் பிடிக்கும், டெக்சாஸ் போல ஒரு கவுண்டியோடு நிற்காது.

பக்கத்து நியூயார்க்கில் விவாகரத்துக் கட்டு பொதுமக்களுக்கு மூடப்பட்டது. தம்பதியரும் அவர்களுடைய வக்கீலும் பார்க்கலாம், மற்றவர்களுக்கு கோர்ட் உத்தரவு வேண்டும். என் மருமகனுக்காக நான் போய் நின்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன், அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் எடுத்துப் போகாததால். இன்னொன்று, அங்கே "சுப்ரீம் கோர்ட்" என்றால் உச்ச நீதிமன்றம் என்று எண்ணிவிட வேண்டாம். அது விசாரணை நீதிமன்றம். அதன் கட்டு கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும்.

மெக்கின்னி மைந்தன் | புதன், மதியம் 12:20

பேசர்னு ஒண்ணு இருக்கே, பக்கத்துக்கு 10 சென்ட். அதுல இதெல்லாம் வராதா?

கட்டுத்தேடி | புதன், மதியம் 12:50

வராது தம்பி. பேசர் மத்திய நீதிமன்றங்களுக்கு மட்டும். திவால் மனு, காப்புரிமை வழக்கு, குடியேற்றத் துறை மேல போடற வழக்கு எல்லாம் அங்க கிடைக்கும். கவுண்டி கோர்ட் காகிதம் ஒண்ணுகூட அங்க இல்லை.

வளைகுடா_தம்பி | புதன், இரவு 8:30

கிடைச்சுடுச்சு அக்கா! அலமேடா, முதல் பேர் காலியா விட்டுத் தேடினதும் ரெண்டாவது வரியிலயே நின்னுச்சு. எஃப்என்யூ-ங்கறதையே அவங்க நடுப் பேரா தட்டியிருக்காங்க. அக்காவுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசலை, அப்புறம் "எழுதிக்கறேன், மறுபடி சொல்லு"ன்னாங்க.

கட்டுத்தேடி | புதன், இரவு 9:40

நல்லது. இப்ப ஆர்டர் பண்ண வேண்டியது எஃப்எல்-180, அதுதான் தீர்ப்புப் படிவம். திருமண பந்தம் எந்தத் தேதியில முடியுதுன்னு அதுல இருக்கும். கூடவே எஃப்எல்-190, தீர்ப்பு பதிவானதுக்கான அறிவிப்பு. விவாகரத்துத் தீர்ப்போட சான்றிட்ட நகலுக்குக் கட்டணம் 15 டாலர். மத்த காகிதங்களுக்குச் சான்றிட 40 டாலர், பக்கத்துக்கு 50 சென்ட் தனி. தபால்ல அனுப்பறதா இருந்தா பக்கம் எத்தனைன்னு தெரியாதே, செக்ல தொகை எழுதற இடத்தைக் காலியா விட்டு, "இத்தனை டாலருக்கு மிகாமல்"னு குறிப்பு எழுதி அனுப்பற வழக்கம் அங்க பல கோர்ட்ல உண்டு. சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டின கவர் வெக்க மறக்காதீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அந்த கோர்ட் தளத்துல இதையெல்லாம் ஒரு தடவை சரிபாத்துக்கோங்க.

நகல் வந்ததும் சேக்ரமென்டோவில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு அப்போஸ்டிலுக்கு (வெளிநாட்டுல ஏத்துக்கறதுக்கான சான்று) அனுப்புங்க, 20 டாலர். இந்தியா 2005-லயே அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேர்ந்தாச்சு.

மயிலை வக்கீல் | வியாழன், காலை 7:30

சென்னையிலிருந்து எழுதுகிறேன். வளைகுடா தம்பி, இந்தப் பக்கம் என்ன பார்ப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு ஆர்டர் செய்யுங்கள்.

1991-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. திருப்பதியில் கல்யாணம். கணவர் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட்டில் விவாகரத்து வாங்கினார். மனைவி அந்த அதிகார வரம்பை ஏற்கவில்லை. இந்தியாவில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஆனது. அதே வழக்கில், தாக்கல் செய்திருந்த ஜெராக்ஸ் நகலைச் சான்றாக ஏற்க முடியாது, முறையாகச் சான்றிட்ட நகல் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஆகவே தீர்ப்பு நகல் மட்டும் போதாமல் போகலாம். எதிர்த்தரப்பும் அந்த வழக்கில் மனமொப்பிக் கலந்துகொண்டதைக் காட்டும் தாள் இருந்தால் அதையும் சான்றிட்டு வாங்குங்கள். பதில் மனுவோ, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ எதுவாக இருந்தாலும் சரி. 2011-ல் ஆனதற்கு இன்று அதைத் தேடி எடுப்பது கஷ்டமில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்துத் தேவைப்பட்டால்தான் கஷ்டம்.

வளைகுடா_தம்பி | வியாழன், காலை 8:10

ஐயா, இது யாருமே சொல்லலை. நடவடிக்கைப் பட்டியல்ல மாமா பக்கம் எஃப்எல்-120-ன்னு ஒண்ணு பதிவாகியிருக்கு. அதுதான் பதில் மனுன்னு படிவத்துலயே போட்டிருக்கு. அதையும் சேத்து எழுதிடறேன்.

பிரிஸ்கோவாசி | வெள்ளி, மாலை 6:00

அக்கா, போயிட்டு வந்துட்டேன். நடந்ததை வரிசையா சொல்றேன், அடுத்து யாருக்காவது உதவும்.

காலைல 8 மணிக்கே ஜேபி கோர்ட் ஜன்னல் முன்னாடி நின்னேன். வழக்கு எண்ணை எழுதின சீட்டை நீட்டினேன். அந்தம்மா, "நீங்க பிரதிவாதியா?"ன்னு கேட்டாங்க. "பேரு மட்டும் என்னோடது"ன்னேன். அவங்க தலையை ஆட்டிட்டு உள்ள போனாங்க. இருபது நிமிஷத்துல கட்டு வந்துச்சு. மொத்தம் 23 பக்கம். பக்கத்துல மரப்பலகை இருந்துச்சு, அங்கேயே நின்னு படிச்சேன்.

பெட்டிஷன் ரெண்டாம் பக்கம்: கணக்கு ஆரம்பிச்சது 2012 மார்ச். நான் அப்ப கோயமுத்தூர்ல காலேஜ் கடைசி வருஷம். ரிட்டர்ன்ல இர்விங் விலாசம், 2018 மே மாசம், சாயங்காலம் 6:52, நேர்ல கொடுத்ததா கையெழுத்து. அந்த மாசம் எடிசன்ல நான் வாடகை கட்டின ரசீது இருக்கு.

கடைசிக்கு முந்தின தாள், நீங்க சொன்ன ராணுவத் தாள். சோஷியல் கடைசி 4 இலக்கம் அச்சாகியிருந்துச்சு. என்னோடது இல்லை. ஒரு இலக்கம்கூட ஒத்துப்போகலை. அதைப் பாத்ததும் கால் கொஞ்சம் நடுங்கிடுச்சு அக்கா, உண்மையாவே.

23 பக்கத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, மத்தியானமே டைட்டில் கம்பெனிக்குப் போனேன். அங்க குளோசிங்கைக் கவனிக்கற எஸ்க்ரோ ஆபீசர் அந்த ராணுவத் தாளை விரல்ல தட்டிப் பாத்துட்டு, "இது போதும்"னாங்க. "அந்த ஆள் நான் இல்லை"ங்கற பிரமாணப் பத்திரத்துல நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டேன். குளோசிங் தேதி மாறலை.

இன்னொண்ணு சொல்லணும். படிக்கறப்ப மனசு கனமாயிடுச்சு. அந்த இன்னொரு குமாரும் நம்ம ஊர்க்காரராத்தான் இருப்பார். சம்மன் கையில வாங்கியிருக்கார், கோர்ட்டுக்கு வரவேயில்லை. கட்டுல அவர் பக்கத்துல இருந்து ஒரு தாள்கூட இல்லை. ஒரு பக்கம் பதில் எழுதிப் போட்டிருந்தாக்கூட கதை வேற மாதிரி ஆகியிருக்கலாம்.

கட்டுத்தேடி | வெள்ளி, இரவு 8:15

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தக் கட்டை வீட்டுப் பத்திரத்தோடயே வெச்சுக்கோங்க. வீட்டை விக்கும்போதோ ரீஃபைனான்ஸ் பண்ணும்போதோ இதே அப்ஸ்ட்ராக்ட் மறுபடி எட்டிப் பாக்கும். அது அந்த இன்னொருத்தர் மேல உள்ள பதிவு, உங்களால அதை எடுக்க முடியாது. நோட்டரி போட்ட பிரமாணப் பத்திரத்தைக் காலின் கவுண்டி கிளார்க்கிட்டப் பதிவு பண்ணி வெக்கலாமான்னு டைட்டில் கம்பெனியைக் கேளுங்க. பதிஞ்சுட்டா அடுத்து தேடறவர் கண்ணுல ரெண்டும் சேந்து படும்.

நீங்க கடைசியா சொன்னதுக்கு: ஜேபி கோர்ட்ல சம்மன் கைக்கு வந்தா 14-ம் நாள் முடியறதுக்குள்ள பதில் போடணும். வக்கீல் வெச்சே ஆகணும்னு இல்லை. "நான் மறுக்கிறேன்"னு கையெழுத்திட்ட ஒரு தாள் போதும், எக்ஸ்பார்ட்டி ஆகாது. நான் எடுத்த கடன் வழக்குக் கட்டுகள்ல நம்ம பேர் உள்ளது நிறைய, அதுல பாதிக்கு மேல எதிர்த்தரப்புத் தாள் காலியாத்தான் இருந்துச்சு. வேலை மாறி, வீடு மாறி, சில பேர் ஊருக்கே திரும்பிப் போயிருப்பாங்க.

மெக்கின்னி மைந்தன் | வெள்ளி, இரவு 9:00

போன வருஷம் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிச்சப்ப எனக்கும் "எவிக்‌ஷன் இருக்கு"ன்னு, அதாவது வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வழக்கு இருக்குன்னு, மறுத்தாங்க. யாரோ என் பேர்க்காரர்னு இப்பத்தான் புரியுது. அப்ப விட்டுட்டேன்.

கட்டுத்தேடி | வெள்ளி, இரவு 9:25

விட்டிருக்கக் கூடாது தம்பி. வாடகைக்கு வர்றவங்களைப் பத்தி ஸ்கிரீனிங் ரிப்போர்ட் எழுதற கம்பெனி, ஆளைச் சரியா உறுதி பண்ணிக் கொடுக்கணும்னு மத்திய சட்டம் இருக்கு. தப்புன்னு எழுதிக் கொடுத்தா பொதுவா 30 நாள்ல விசாரிச்சுத் திருத்தணும். முதல்ல அந்த ரிப்போர்ட்டோட நகலைக் கேட்டு வாங்குங்க. அதுல எந்த ஜேபி கோர்ட், என்ன எண்ணுனு இருக்கும். அப்புறம் பிரிஸ்கோ தம்பி போன அதே வழிதான்.

வளைகுடா_தம்பி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:10

அலமேடாவில இருந்து நகல் வந்து, சேக்ரமென்டோ போய், அப்போஸ்டிலோட நேத்து வீட்டுக்கு வந்துடுச்சு. எஃப்எல்-180, 190, 120 மூணுமே. ஓரத்துல புடைச்ச முத்திரை, விரல் வெச்சா தெரியுது. கூரியர்ல அனுப்பறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஸ்கேன் அனுப்பணும். அப்போஸ்டில் தாளையும் தீர்ப்பையும் சேத்து ஒரு பெரிய பின் அடிச்சிருக்காங்க, ஸ்கேனர்ல சரியா படியலை. பின்னை எடுத்துட்டு ஒவ்வொரு தாளா வெக்கட்டுமா?

கட்டுத்தேடி | ஞாயிறு, காலை 10:14

எடுக்காதீங்க!! அந்தப் பின்னைக் கழட்டினா தாளை மாத்தி வெச்சிருக்கலாம்னு சந்தேகம் வந்துடும், செல்லாதுன்னு திருப்பிடுவாங்க. தாளை அப்படியே மடக்கி, போன்ல படம் எடுத்து அனுப்புங்க.

வளைகுடா_தம்பி | ஞாயிறு, காலை 10:16

கையில பின் எடுக்கற கருவியோட இருந்தேன் அக்கா. கீழ வெச்சுட்டேன். போன்லயே எடுக்கறேன்.